கொடிக்கயிற்றால் அளந்த ஹோஸ்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பித்தால் இளையவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பிறகு நாம் நிம்மதியாக மீதியைச் சொல்லலாம். போகிறவர்கள் போகட்டும். நீங்கள் உட்காருங்கள். அந்த முழங்காலோடு எங்கே போகப் போகிறீர்கள்?

போன வாரம் பென்ஷன் வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். பால்கோவா கடை வாசலில் புது டிராக்டர் ஒன்று நின்றது. எல்லோரும் கடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டிராக்டரின் பின்பக்கம் போய் நின்றேன். கலப்பையைத் தூக்குகிற கைகள், அவற்றின் பக்கத்தில் சிலிண்டர், சிலிண்டருக்கு எண்ணெய் கொண்டுபோகிற இரண்டு ரப்பர் ஹோஸ்கள். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு நீல மூடி. இரண்டும் டயரில் படாமல் அளவாக வளைந்து தொங்கின.

"என்னம்மா பாக்கீய?" என்றார் ஓட்டுநர்.

"ஹோஸைப் பாக்கேன்" என்றேன். அவர் சட்டைப் பையில் வண்டிச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இயந்திரங்களைப் பரிசோதித்து, தகுதி உண்டு, தகுதி இல்லை என்று எழுதுகிற அரசு வேலையில் தலை நரைத்தவள் நான். ஹோஸ் மாற்றும் நடைமுறை எனக்குத் தூக்கத்திலும் வரும். கலப்பையைத் தரையில் இறக்கு. இஞ்சினை நிறுத்து. லிவரை இரண்டு பக்கமும் அசைத்து உள்ளே நிற்கிற அழுத்தத்தை விடு. அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். இதை நானே எழுதி, அச்சடித்து, பட்டறைச் சுவர்களில் ஒட்டியிருக்கிறேன். அந்தத் தாளின் மேலேயே எண்ணெய்க் கையைத் துடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது, எந்தத் தாளும் எட்டிப் பார்க்காத ஒரு புரட்டாசி மாதத்தைப் பற்றி.

காலாண்டு விடுமுறைக்கு என்னை ராஜபாளையத்திலிருந்து தேவதானத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தை என் அப்பாவின் தங்கை. அவள் கணவர் அந்த வருடத் தைமாதம் இறந்துபோயிருந்தார். அத்தைக்குத் துணை என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். உண்மையில், அவள் ஏதாவது வீம்பு பண்ணினால் வந்து சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது. உளவு வேலைக்கு நான் லாயக்கில்லை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. போன அன்றே அத்தை பக்கம் சாய்ந்துவிட்டேன். அவள் சீரணி மிட்டாய் வாங்கி வைத்திருந்தாள்.

அவளுடைய வீம்பு இதுதான். மாமா விட்டுப்போனது மலையடிவாரத்தில் செவல் என்கிற செம்மண் நிலம் கொஞ்சமும், இரண்டு கை மாறி வந்த ஒரு டிராக்டரும். இரண்டையும் தான் பார்த்துக்கொள்வதாக மாமாவின் தம்பி, அதாவது அத்தையின் கொழுந்தனார், சொன்னார். கெட்ட மனிதர் அல்ல. வருடத்துக்கு இத்தனை மூட்டை வீடு தேடி வரும் என்றார். ஊரே நியாயம் என்றது. என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார். அத்தை மட்டும், "இந்த ஒரு மழைக்கு நானே உழுது பாக்கேன்" என்றாள்.

கொழுந்தனார் வாசலில் நின்றபடி பேச்சை முடித்தார். "சரி மதினி. மழை விழுந்து ஈரம் காயுறதுக்குள்ள இந்த வண்டி இந்த நெலத்த உழுதுச்சுன்னா சாவி உங்ககிட்ட இருக்கட்டும். உழலேன்னா எங்கிட்ட குடுத்துருங்க. பொறவு பேச்சு கெடையாது."

"பொறவு பேச்சு கெடையாது" என்று அத்தையும் சொன்னாள்.

பொம்பளைக்கு எதற்கு டிராக்டர் என்று அன்று பேசியவர்கள் யாரும், தன் வீட்டுச் சோற்றுக்கு இன்னொருவர் மூட்டையை எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. நானும் யோசிக்கவில்லை. எனக்கு டிராக்டரில் ஏறுவது ஒன்றுதான் குறி.

அந்த வண்டியின் நோய் பின்பக்கத்தில் இருந்தது. உழும்போது கலப்பை மண்ணுக்குள் இறங்க வேண்டும். வரப்பு வந்ததும் மேலே தூக்கித் திருப்ப வேண்டும். தூக்கவில்லை என்றால் திரும்ப முடியாது. வண்டிக்குள்ளேயே இருந்த தூக்கும் சாதனம் எப்போதோ செத்துவிட்டதால், மாமா ஒரு சிலிண்டரை வாங்கி வெளியே மாட்டியிருந்தார். ஒரு ஹோஸ் வழியாக எண்ணெய் உள்ளே போனால் கை தூக்கும். இன்னொன்று வழியாகப் போனால் இறக்கும். அந்த ஹோஸ்கள் இரண்டும் வெயிலில் வெடித்து உடும்புத் தோல் மாதிரி ஆகியிருந்தன.

வண்டியை ஓட்டிய டிரைவர் பக்கத்துத் தெருக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், வண்டியோடு பேசும்போது இரண்டும். எங்கள் பக்கத்தில் தறிகளில் மருத்துவக் கட்டுத் துணி நெய்வது உங்களுக்குத் தெரியும். எந்த வீட்டிலும் அதில் ஒரு சுருள் கிடக்கும். டிரைவர் கசிகிற இடங்களில் எல்லாம் அந்தத் துணியைச் சுற்றி, மேலே வார்னிஷ் அடித்திருந்தார். பார்ப்பதற்கு அரசு ஆஸ்பத்திரியில் கால் உடைந்து கிடப்பவர் மாதிரி இருந்தது. லிவரை இழுத்ததும் கட்டு உப்பிக்கொண்டு சொட்டியது.

"ஏலே, இது என்ன வைத்தியம்?" என்றாள் அத்தை.

"ரத்தம் நிக்கும், எண்ண நிக்காதாக்கா?" என்றார் டிரைவர்.

நிற்கவில்லை. அதனால் அத்தை ராஜபாளையத்துக்கு ஆள் அனுப்பிப் பெரியப்பாவை வரச்சொன்னாள்.

பெரியப்பா என் அம்மாவின் அக்காள் கணவர், பஞ்சாலையில் ஃபிட்டர். சாதாரண ஃபிட்டர் அல்ல. அவர் போட்ட குழாய்களைப் பார்க்க மில்லுக்கு வருகிறவர்களை அழைத்துப் போவார்கள் என்று பெரியம்மா சொல்வாள். சுவரோடு ஒட்டி, நேராக ஓடி, மூலை வந்ததும் சரியாகச் செங்கோணத்தில் திரும்பி, இடைவெளி மாறாமல் கிளாம்ப் அடித்து. வீட்டில் துணி காயப்போடும்போதுகூட ஓரங்கள் சேரவில்லை என்றால் திரும்பப் போடுவார்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் வந்தார். மடியில் எஃகு டேப், தோளில் இரண்டு புது ஹோஸ், ஒரு பை நிறைய எல்போ என்கிற முழங்கை வளைவுகள், நட்டு, கிளாம்ப். இன்னொரு பையில் மில்லின் கழிவுப் பஞ்சு, கை துடைக்க. அந்தக் கழிவுப் பஞ்சின் எண்ணெய் வாசனை இன்றைக்கும் எனக்குச் சந்தனத்துக்கு அடுத்தபடிதான். முந்தின இரண்டு சாயங்காலமும் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு மழை கொட்டியிருந்தது. நிலம் கால் வைத்தால் அமுங்குகிற பதத்தில் இருந்தது. பூசைக்கு மறுநாள் காலையில் உழவு என்று முடிவானது.

பெரியப்பா அன்று சாயங்காலமும் மறுநாள் மதியம் வரையும் வேலை செய்தார். சீட்டுக்குக் கீழே கிளம்பிய ஹோஸ் மட்கார்டின் விளிம்போடு நேராக ஓடியது. செங்கோணத்தில் கீழே இறங்கியது. இன்னொரு செங்கோணத்தில் சிலிண்டரைச் சேர்ந்தது. பக்கத்திலேயே இரட்டைப் பிள்ளை மாதிரி இரண்டாவது ஹோஸ். கை வைக்கிற இடத்தில் எல்லாம் கிளாம்ப். விரலால் தட்டினால் வீணைக் கம்பி போல நின்றது. முடித்ததும் இஞ்சினைப் போடச் சொல்லி, காய்ந்த பஞ்சால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிப் பார்த்தார். பஞ்சு நனையவில்லை.

"ஒரு சொட்டுக் கசிவு கெடையாது. நல்லா பாத்துக்கோ தங்கச்சி" என்றார்.

தெருவே வந்து பார்த்தது. கலப்பை தரையில் கிடந்தது. கைகள் கீழே இருந்தன. தூக்கிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு அழகாக இருந்ததை அசைக்க யாருக்கு மனம் வரும்?

பூசை மதியத்துக்கு மேல். ஸ்பேனர்கள், அரிவாள், மண்வெட்டி, உலக்கை எல்லாவற்றையும் கழுவி, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்துச் சந்தனம் தெளித்தார்கள். வண்டிக்கு வாழைக்கன்று, மாலை. வண்டிக்குப் பொட்டு வைக்கிற நேரம் வந்ததும் அத்தை தானாகவே பின்னால் போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். தாலி இழந்தவள் வைக்கக் கூடாது. கொழுந்தனாரின் மனைவி முன்பக்கம் வைத்தாள். குனிந்து வைக்க வேண்டிய பின்பக்கத்துக்கு என்னை அனுப்பினாள். நான் கிளாம்ப் ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அத்தையின் வண்டிக்கு அத்தையைத் தவிர எல்லோரும் பொட்டு வைத்தோம். அது அன்று யார் கண்ணையும் உறுத்தவில்லை.

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, டிரைவர் வண்டியை நகர்த்தி நசுக்கினார். எல்லோர் கையிலும் பொரிகடலை. கொழுந்தனார் சிரித்தபடி, "அப்படியே லிஃப்டையும் ஒரு தடவ தூக்கிக் காட்டுப்பா, கண்ணு குளிரப் பாப்போம்" என்றார்.

டிரைவர் லிவரை இழுத்தார். கைகள் கலப்பையோடு எழுந்தன. அவை எழும்போது சிலிண்டரும் நீண்டுகொண்டே பின்பக்கமாகச் சாய்ந்தது. சிலிண்டர் சாய்ந்தால் அதில் மாட்டிய ஹோஸும் கூடப் போக வேண்டும். அது எப்படிப் போகும்? அதைத்தான் அத்தனை கிளாம்ப் போட்டு மட்கார்டோடு கட்டிவைத்திருந்தாரே பெரியப்பா. முறுக்கேறி ஒரு முனகல் கேட்டது. பிறகு எல்போ கழுத்தோடு விண்டது.

எண்ணெய் பெரியப்பாவின் வெள்ளை வேட்டியில் விழுந்தது, கொழுந்தனாரின் நெற்றித் திருநீற்றில் விழுந்தது, பொரியில் விழுந்தது. கலப்பை தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. ஊசித் துளையிலிருந்து வருகிற எண்ணெய் தோலைக் குத்தி உள்ளே போகும், கையையே எடுக்க வேண்டிவரும் என்று நான் பிற்பாடு எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். அன்று வந்தது குடம் கவிழ்ந்த மாதிரி வந்ததால் துணியோடு போயிற்று.

பெரியப்பா ஸ்பேனரை எடுக்க வீட்டுக்குள் ஓடினார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஸ்பேனர்கள் பூசையில் இருந்தன. பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூசை முடியும்வரை தொடக் கூடாது. மில்லிலும் அதே வழக்கம்தான். அன்று அவ்வளவு பெரிய மில்லே நின்றுவிடும்.

கொழுந்தனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். இரண்டு நாள் மழைக்குப் பிறகு சுள்ளென்று வெயில். "காலையில வாரேன் மதினி" என்றார். செவல் மண் இப்படிப்பட்ட வெயிலை எத்தனை நாள் தாங்கும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

கூட்டம் கலைந்தது. பெரியப்பா எண்ணெய் வேட்டியோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். காப்பி வேண்டாம் என்றார். அத்தை வண்டியின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விண்டுபோன எல்போவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, கொடியில கெடக்க துணிய எல்லாம் அள்ளி உள்ள போடு. கயித்த அவுத்துட்டு வா."

"எதுக்கத்தை?"

"கயித்துக்கு யாரும் பொட்டு வெக்கலைல்லா?"

துணிக்கொடிக் கயிறு வந்தது. கொடியைத் தூக்கிப் பிடிக்கிற சவுக்குக் கம்பும் வந்தது. டிரைவர் கொக்கி ஊசிகளைக் கையால் உருவிக் கலப்பையைக் கழற்றினார். கம்பை வெறும் கைகளுக்கு அடியில் கொடுத்து நெம்பினார். சிலிண்டர் மிச்ச எண்ணெயைத் துப்பிக்கொண்டு மெல்ல மெல்ல இடம் கொடுத்தது.

அத்தை கயிற்றின் ஒரு முனையைச் சீட்டுக்கு அடியில், ஹோஸ் கிளம்புகிற இடத்தில், என்னைப் பிடிக்கச் சொன்னாள். மறுமுனையைச் சிலிண்டரின் வாயில் அவள் பிடித்துக்கொண்டாள். கை கீழே இருக்கும்போது கயிற்றில் ஒரு முடிச்சு. "இப்பத் தூக்குலே" என்றாள். டிரைவர் பல்லைக் கடித்து நெம்பினார். சிலிண்டர் சாயச் சாய, கயிறு அவள் விரல்களுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. உச்சிக்குப் போனதும் இன்னொரு முடிச்சு.

இரண்டு முடிச்சுக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் இருந்தது.

"அண்ணாச்சி, இங்க செத்த வாங்க" என்றாள்.

"எதுக்கு? இன்னும் எம்புட்டு சிரிக்கணும் நீங்கள்லாம்?"

"சிரிக்கதுக்கில்ல. இதப் பாத்துச் சொல்லுங்க."

பெரியப்பா வந்தார். முடிச்சுகளைப் பார்த்தார். டிரைவரை இன்னொரு முறை தூக்கி இறக்கச் சொன்னார். சிலிண்டர் போய்விட்டு வருவதைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். டேப்பை மடியிலிருந்து எடுத்து, பிரிக்காமலேயே திரும்ப மடியில் செருகினார்.

"மில்லுல கொழா நவுராது தங்கச்சி" என்றார். "நான் நவுராத சாமானுக்கு வேல பாத்துட்டேன்."

"புது ஹோஸ் வாங்கணுமா?"

"எதுக்கு? மட்கார்டச் சுத்திக் கோயில் பிரகாரம் மாதிரி வந்திருக்கேன்லா, அதுலயே அம்புட்டு நீளமும் இருக்கு. கிளாம்பை எல்லாம் எடுத்துட்டுக் குறுக்க விட்டா மிஞ்சும். எல்போவும் வேண்டாம்." ஹோஸை மேலிருந்து கீழே ஒருமுறை தடவினார். "ஆனா தொங்கும். அசிங்கமாத் தொங்கும்."

"தொங்கட்டும் அண்ணாச்சி."

"யாரு வேலைன்னு கேட்டா எம்பேரச் சொல்லாத."

அதன் பிறகு அவருக்குக் காப்பி இறங்கியது. இருட்டுவதற்குள் கயிற்றையே ஹோஸாக நினைத்து மூன்று விதமாகத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். வெளிப்பக்கம் விட்டால் டயர் தேய்த்துவிடும். கீழே விட்டால் உழும்போது மண்கட்டி இடிக்கும். உள்பக்கமாக ஒரு வளைவு வைத்தால் எதிலும் படாது; ஓர் இரும்பு விளிம்பில் மட்டும் உரசும். அந்த இடத்துக்கு டிரைவர் தன் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் கொடுத்தார். "ஈ சாரி கட்டுத் துணி லேது" என்றார், இந்தத் தடவை கட்டுத் துணி இல்லையாம். பெரியப்பா அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

"இரண்டு நிலையிலும் அசைத்துப் பார்த்து நீளத்தை முடிவு செய்க" என்று பிற்காலத்தில் நான் கையெழுத்திட்ட வழிமுறையில் ஒரு வரி உண்டு. அதைப் படிக்கும்போதெல்லாம் கொட்டாவி விடாதவள் நான் ஒருத்திதான்.

காலையில் மறுபூசை ஆயிற்று. கற்பூரம் அணைந்ததும் யார் முதலில் எடுப்பது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தை குனிந்து பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். யாராவது ஏதாவது சொல்வதற்குள் போய்விட்டாள்.

பெரியப்பா பொட்டு வைத்த கிளாம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஹோஸை முறுக்கும்போது அவர் ஒரு காரியம் செய்தார். ஹோஸின் மேல் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அந்தக் கோடு சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், சீக்கிரம் வெடிக்கும். அத்தையை ஒரு ஸ்பேனரால் முனையை அசையாமல் பிடிக்கச் சொல்லி, இன்னொன்றால் நட்டை மட்டும் திருகினார். கோடு நேராகவே நின்றது. நீளம் அத்தையுடையது, நேர்கோடு பெரியப்பாவுடையது.

டிரைவர் கொட்டிப்போன எண்ணெய்க்கு ஈடு ஊற்றி, கலப்பையை மறுபடி மாட்டினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வண்டி நிலத்துக்குப் போகும் வழியில் கொழுந்தனாரும் வந்து சேர்ந்துகொண்டார். பின்பக்கத்தைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பாம்பு தொங்குத மாதிரி இருக்கு? நேத்து என்னா அழகா இருந்துச்சு."

"அழகப் பாத்துட்டீகல்லா? இன்னைக்கு வேலையப் பாருங்க" என்றார் பெரியப்பா. ஆனாலும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார், அவருக்கே சகிக்கவில்லை.

கொழுந்தனார் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினார். மேல்மண் உதிர்ந்தது. உள்மண் உருண்டை பிடித்தது. "இன்னைக்குப் பூரா தாங்கும். நாளைக்குச் சொல்ல முடியாது" என்றார். அவர் விவசாயி, அதில் பொய் சொல்ல மாட்டார்.

டிரைவர் கலப்பையை இறக்கினார். மண் ஐந்து கோடாகப் பிளந்து, அடியில் இருந்த கருஞ்சிவப்பு மேலே வந்தது. அந்த வாசனையை வர்ணிக்க மாட்டேன், உங்களுக்கே தெரியும். வண்டி எதிர் வரப்பை நோக்கிப் போனது. நாங்கள் எல்லோரும் பின்னாலேயே நடந்தோம். உழுத மண்ணைப் பார்த்து ஒருவரும் நடக்கவில்லை. எல்லோர் கண்ணும் அந்த இரண்டு ஹோஸ்களின் மேல்தான்.

வரப்பு வந்தது. டிரைவர் திரும்பி அத்தையைப் பார்த்தார். அத்தை தலையை ஆட்டினாள். லிவரை இழுத்தார்.

கைகள் எழுந்தன. சிலிண்டர் நீண்டு சாய்ந்தது. தொங்கிய வளைவு மெல்லப் பிரிந்து, பிரிந்து, அநேகமாக நேரானது. அநேகமாக. உச்சியில் இன்னும் கொஞ்சம் தொய்வு மிச்சம் இருந்தது. கலப்பை மண் உதிர அந்தரத்தில் நின்றது. வண்டி திரும்பியது. இறக்கியதும் வளைவு பழையபடி உள்பக்கம் மடிந்துகொண்டது. பெரியப்பா பஞ்சோடு ஓடிப்போய் இணைப்புகளை ஒற்றிப் பார்த்துவிட்டு, பஞ்சை எங்களுக்கு உயர்த்திக் காட்டினார். காய்ந்திருந்தது.

இரண்டாவது வரப்பிலும் தூக்கியது. மூன்றாவதிலும் தூக்கியது. அதன் பிறகு நான் பார்ப்பதை விட்டுவிட்டு மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் வரை யார் சொல்லியும் இறங்கவில்லை.

வெயில் தாழும்போது நிலம் முழுவதும் உழுதாயிற்று. அத்தை சேலையைச் செருகிக்கொண்டு, வரப்போரம் விட்டுப்போன மூலைகளை மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தாள். கொழுந்தனார் வரப்பில் வெகு நேரமாக நின்றார். அவருடைய நிலம் அடுத்தாற்போலத்தான். அவர் பேசிவைத்திருந்த வாடகை வண்டி சோழபுரம் பக்கம் சேற்றில் புதைந்து நிற்பதாக அன்று மத்தியானம்தான் செய்தி வந்திருந்தது. இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார்.

"மதினி."

"சொல்லுங்க தம்பி."

"வண்டி நாளைக்குச் சும்மாத்தான் நிக்குமோ?"

அத்தை மண்வெட்டியை நிறுத்தவில்லை. "நாளைக்கு வெளுக்க முன்ன எங்களுக்கு மறு உழவு இருக்கு. அத முடிச்சுட்டு நேரா உங்க நெலத்துக்கு அனுப்புதேன். ஈரம் போகாது, கவலப்படாதீய. மத்தியானச் சோறு மட்டும் உங்க வீட்டுல."

கொழுந்தனார் தலையை ஆட்டினார். டிரைவர் அவருக்குப் பக்கத்திலேயே நின்று கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். கொழுந்தனார் அவர் பக்கம் திரும்பவில்லை. அத்தையைப் பார்த்துத்தான் கேட்டார்.

"உங்க டிரைவரு கோழி சாப்புடுவாரா மதினி?"